பல்லைப் பார்த்தீரா?

(குண்டடத்தில் படிப்பகத் திறப்பு விழாவில் ஆற்றிய உரை)



குண்டடம் சந்தைக்கு மாடு பிடிக்க வருகிறான் உழவன். "பாலாய்ப் பொழியும் பசு, பச்சைப் பிள்ளைகூடப் பிடித்துக் கட்டலாம்" என்று அளக்கிறார் தரகர். நம்பிவிடுகிறானா? இல்லை! வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறான், நடக்கவிட்டுப் பார்க்கிறான், சுழியையும் தேடுகிறான். (சுழியிலே எனக்கு நம்பிக்கை இல்லை, அது வேறு கதை!) அதன் பிறகே துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுகிறான். பட்டம் பெறாத ஆராய்ச்சியாளன் அவன்! ஆனால் அவனும், பட்டம் பெற்ற அவன் மகனும், கைப்பேசியில் வந்து விழும் செய்தியின் பல்லைப் பார்ப்பதுண்டா?

2023 மார்ச்சுத் திங்களை எண்ணிப் பாருங்கள். தமிழகத்திலே பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுகின்றனர், கொல்லப்படுகின்றனர் என்று காட்சிகள் பரவின. திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளிலே தையல் பொறியின் முன் அமர்ந்திருந்தவர் பலர், மூட்டை கட்டிக்கொண்டு இரயிலடிக்கு விரைந்தனர். பீகார் சட்டமன்றத்திலேயே அமளி எழுந்தது. படித்தவர் அமரும் மன்றந்தான் அது!

உண்மை யாது? பரப்பப்பட்ட காட்சிகளில் ஒன்று, திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களே இரு பிரிவாகி மோதிக்கொண்டது. மற்றொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த சண்டை. இதனை அன்றைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு எடுத்துரைத்தார். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவும் நேரில் வந்து பார்த்தது. படம் பொய்யன்று, தோழர்களே. படத்தின் அடியிலே எழுதப்பட்ட சொல்தான் பொய்! ஒரு வரிப் பொய்க்காக எத்தனை நாள் கூலி போயிற்று!

அவர்கள் ஏமாந்தார்கள் என்று கைகொட்டுகிறீர்களா? பொறுங்கள். அதே ஆண்டு சனவரியில், திருப்பூரில் நடந்த ஒரு கைகலப்பின் காட்சி வந்ததே! வடநாட்டார் தமிழரைத் துரத்துகிறார்கள் என்று கொதித்தோர் யார்? நம்மவர்! தகராறு எப்படித் தொடங்கிற்று, யார் முதலில் கை ஓங்கியது என்று கேட்டவர் எத்தனை பேர்? நமக்குப் பிடித்த பொய், பிடிக்காத பொய்யினும் கொடிது. அதற்கு நாமே வாயிலைத் திறந்து, நாற்காலியும் போட்டுவிடுகிறோம்.

கல்லூரியைப் பாதியிலே விட்டவன் நான், கல்வியை விடவில்லை. வள்ளுவர் 40-ஆம் அதிகாரத்தில் கல்வியை வைத்தார். 43-இல் அறிவுடைமையை வைத்தார். இடையிலே, 42-இல், கேள்வி! செவியால் பெறும் அறிவையே அவர் அவ்வாறு குறித்தார். வினவுதலையும் நான் அதிலே சேர்த்துக்கொள்வேன்; புலவர் பெருமக்கள் பொறுத்தருள்க! யார் சொன்னது, எந்த நாளில் நடந்தது, நான் நம்பினால் எவருக்கு ஆதாயம்? இவற்றைக் கேட்டு, ஓர் இரவு பொறுத்து, பிறகு பிறருக்கு அனுப்பும் பழக்கம் வேண்டும். உழக்கு நெல்லும் புடைத்தன்றோ உலையில் இடுகிறோம்!

ஆகவே, இந்தப் படிப்பகத்தின் மேசையிலே நமது ஏடு மட்டும் கிடத்தல் ஆகாது. நம்மை ஏசும் ஏடும் இருத்தல் வேண்டும். சில தோழர்களின் முகம் சுருங்குவது தெரிகிறது! மாற்றார் ஏட்டுக்கு ஓராண்டுச் சந்தாவை நானே செலுத்திவிட்டேன். நாளைக் காலை வரும். சினம் பொங்கினும் கிழித்துவிடாதீர்கள். அடுத்தவர் படிக்க வேண்டும்.