பத்திரிகை தருமமும் நமது கடமையும்

(நாகலூரில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில், இதழியல் பயிலும் நம் குலத்து மாணவி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



வயதிலும் அனுபவத்திலும் மூத்த உங்கள் முன்னிலையில் பேச எனக்குத் தகுதி யாது என்று எண்ணுமிடத்து, யாதொன்றும் இல்லையென்றே தோன்றுகின்றது. எனினும், பத்திரிகைத் தொழிலைக் கற்கப் புகுந்தவள் என்னும் ஒரு காரணம்பற்றி, அத்தொழிலின் தருமத்தைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்லுமாறு சங்கத்தார் பணித்தனர். பணிந்து ஏற்றேன். குற்றம் காணின் பொறுத்தருள்வீர்களாக.

பத்திரிகை என்பது யாது? ஊரில் நடப்பதை ஊராருக்கு உள்ளபடி உரைப்பது. உரைப்பதற்குச் சுதந்திரம் வேண்டும். உள்ளபடி உரைப்பதற்கு ஒழுக்கம் வேண்டும். இவ்விரண்டும் வண்டியின் இரு சக்கரங்களை ஒப்பன. ஒன்று கழன்றால் வண்டி குடைசாயும். இவ்வுண்மைக்கு நம் நாட்டுச் சரித்திரத்திலேயே சான்றுகள் உள.

1878ஆம் ஆண்டில் 'ஹிந்து' பத்திரிகையைத் தோற்றுவித்தவருள் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர், 1882இல் 'சுதேசமித்திரன்' என்னும் தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கினார். ஆங்கிலம் அறியாத குடியானவனுக்கும் தேச நிலைமை தெரியவேண்டும் என்பதே அவர் கருத்து. நம் சேலம் ஜில்லாவில் பிறந்த டாக்டர் வரதராஜுலு நாயுடு, 'தமிழ்நாடு' பத்திரிகையை நடத்தியதோடு, 1932இல் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' பத்திரிகையையும் தொடங்கினார். இத்தகையோர் சிறைக்கு அஞ்சாது எழுதியதனாலேயே சுதந்திரம் நமக்குக் கிடைத்தது.

சுதந்திரம் வந்த பின்னரும் இவ்வுரிமை எளிதில் நிலைபெற்றுவிடவில்லை. 1950ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள், இம்மலையின் அடிவாரத்திலுள்ள சேலம் மத்தியச் சிறையில் நிகழ்ந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் 22 கைதிகள் மாண்டனர். அந்நாட்களில் அரசாங்கத்தைக் கண்டித்து எழுதிவந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்னும் பம்பாய்ப் பத்திரிகை சென்னை மாகாணத்துள் நுழைதலாகாது என்று மார்ச் 1ஆம் நாள் அரசாங்கத்தார் தடை விதித்தனர். அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் சுப்ரீம் கோர்ட்டில் வழக்காடினார். மே 26ஆம் நாள் அத்தடை செல்லாதென்று தீர்ப்பாயிற்று. அரசாங்கத்தைக் குறை கூறும் உரிமை குடிமக்களுக்கு உண்டென்பதை நாட்டிய முதல் தீர்ப்புகளுள் அது ஒன்றாகும்.

இனி, மறுபக்கத்தைப் பார்ப்போம். 1940களில் சென்னையில் லட்சுமிகாந்தன் என்பவர் 'சினிமா தூது', 'இந்து நேசன்' என்னும் பத்திரிகைகளை நடத்தினார். நடிக நடிகையரின் அந்தரங்கத்தை அவதூறாக எழுதுவதே அவற்றின் சரக்கு. அதனை ஆவலோடு வாங்கிப் படித்தோர் பல்லாயிரவர். 1944 நவம்பர் 8ஆம் நாள் வேப்பேரியில் அவர் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் உயிர் நீத்தார். அவ்வழக்கில் எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் தண்டனை பெற்று, 1947இல் விடுதலையாகும்வரை சிறையில் வாடினர். பாகவதரின் பழைய புகழ் மீளவே இல்லை. எழுதியவர் மாண்டார், எழுதப்பட்டவர் அழிந்தனர். ஆனால், காசு கொடுத்து வாங்கிப் படித்து அத்தொழிலை வளர்த்த வாசகரை எந்தக் கோர்ட்டும் விசாரிக்கவில்லை. இதனை நான் வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அன்று வாசகராயிருந்தவரே இன்று பத்திரிகாசிரியராகவும் ஆகிவிட்டனர். கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அச்சகம் ஒன்றைச் சட்டைப்பையில் சுமந்து திரிகின்றோம்.

அதன் விளைவு யாது? 2018 மே 9ஆம் நாள், குலதெய்வத்தை வழிபடுவதற்காகச் சென்னையிலிருந்து காரில் புறப்பட்ட ஒரு குடும்பத்தார், திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே அத்திமூரில் வழி கேட்டு நின்றனர். அவர்களுள் 65 வயதுடைய மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்போர் வந்துள்ளனர் என்னும் வதந்தி அதற்குச் சில வாரங்களாகவே வாட்ஸ்அப்பில் பரவியிருந்தது. ஊரார் திரண்டு அடித்ததில் அம்மூதாட்டி இறந்தார். உடன் வந்தோர் படுகாயமுற்றனர். அதே ஆண்டு ஜூலை 1ஆம் நாள் மகாராஷ்டிரத்தின் தூளே மாவட்டத்தில், ஊர் ஊராய்ச் சென்று யாசித்துப் பிழைக்கும் நாடோடிக் குலத்தார் ஐவர் இவ்வாறே அடித்துக் கொல்லப்பட்டனர். அம்மாதத்திலேதான் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு மேல் அனுப்பவொண்ணாதபடி அந்நிறுவனம் இந்தியாவில் வரம்பு கட்டியது.

குலதெய்வத்தைத் தேடிச் செல்லாத குடும்பம் நம்முள் எது? வைகாசித் திருவிழாவிற்கும் கோடைக் கொண்டாட்டத்திற்கும் எத்தனை ஊரார் இம்மலைக்கு வந்து, நம்மிடம் வழி கேட்கின்றனர்! அத்திமூரார் கொடியவராய்ப் பிறந்தவர் அல்லர். தம் குழந்தைகளின்பால் வைத்த அன்பையே பொய்ச் செய்தி கொலைவெறியாக மாற்றிவிட்டது.

2023 மார்ச் மாதத்தில் இதற்கு மாறான நிலைமை நேர்ந்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் கொல்லப்படுகின்றனர் என்று பொய்க் காட்சிகள் வடநாட்டில் பரவின. வேறு மாநிலத்தில் நடந்த கொலையும், தமிழர் தமக்குள்ளே வெட்டிக்கொண்ட காட்சியும் அவ்வாறு காட்டப்பட்டன. பத்திரிகைகள் சிலவும் ஆராயாமல் வெளியிட்டன. தொழிலாளர் அஞ்சி ரயிலேறினர். பீகார் அரசாங்கத்தார் ஒரு குழுவை அனுப்பி விசாரித்தனர்; அச்செய்திகள் பொய்யென்று வெளியாயிற்று. நம்மைப்பற்றிப் பிறர் பொய் பரப்பியபோது நாம் கொதித்தோம். பிறரைப்பற்றி நாம் பரப்பும்போதும் அக்கொதிப்பு வரவேண்டுமன்றோ?

சகோதர சகோதரிகளே! இனி நான் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். 2015 ஜூன் மாதத்தில் ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி இளைஞர் ஒருவர், வேற்றுச் சாதிப் பெண்ணோடு பழகினார் என்பதுபற்றிக் கடத்திக் கொல்லப்பட்டார். குற்றஞ்சாட்டப்பட்டவர் ஒரு சாதி அமைப்பின் தலைவர். போலீஸார் அவரைத் தேடிக்கொண்டிருந்த மாதங்களிலே அவருடைய பேச்சுகள் வாட்ஸ்அப் வழியே குலத்தாரிடையே பரவின. தொலைக்காட்சியிலும் அவர் குரல் ஒலித்தது. பலர் அவரை வீரரென்று கொண்டாடினர். 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. கொண்டாடியவர்கள் தாம் பரப்பியதைத் திரும்பப் பெற்றனரா? அவ்விளைஞரின் தாய்க்கு அவர்கள் என்ன விடை கூறுவர்?

இதனை ஒரு சாதியாரைப் பழிக்கும் பொருட்டு நான் கூறவில்லை. குலச் சங்கம் ஒவ்வொன்றிலும் இவ்வபாயம் உறைகின்றது. நம்மவர் ஒருவர்மீது குற்றம் சாட்டப்பட்டால் ஆராயாமல் மறுக்கின்றோம். அயலார்மீது சாட்டப்பட்டால் ஆராயாமல் நம்புகின்றோம். ஒரு பெண் தன் விருப்பப்படி மணந்துகொண்டால், அவள் படமும் தந்தையின் பெயரும் உறவினர் குழுக்களில் அரை நாழிகையில் சுற்றிவருகின்றன. குலத்தின் மானத்தைக் காக்கவே இவ்வாறு செய்கின்றோம் என்பர். மானத்தைக் காப்பவர் அதனைச் சந்தியில் நிறுத்துவரோ?

சட்டமே காக்கட்டும் என்று இருந்துவிடலாமா? துன்புறுத்தப்பட்ட குழந்தையின் பெயர், படம், பள்ளி முதலியவற்றை வெளியிடலாகாதென்று 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 23ஆம் பிரிவில் விலக்கியுள்ளது. 1966இல் முதன்முதல் அமைந்த பத்திரிகைக் கவுன்சில் ஒழுக்க விதிகளை வகுத்துள்ளது. ஆயினும், அக்கவுன்சில் அச்சுப் பத்திரிகைகளையும் செய்தி நிறுவனங்களையுமே விசாரிக்கவல்லது; கண்டிக்கலாமேயன்றித் தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. தொலைக்காட்சியும் கைப்பேசியும் அதன் எல்லைக்குப் புறம்பானவை. ஆகவே, நம் கையிலுள்ள அச்சகத்திற்கு நாமே காவலராதல் வேண்டும்.

அதற்கு வழி யாது? இம்மலையிலுள்ளோர் அறிந்த உவமையொன்று கூறுவேன். பறித்த காப்பிப் பழத்தைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுகின்றோம். கனத்த பழம் அடியில் தங்கும். சொத்தையும் பதரும் மேலே மிதக்கும். மிதப்பதை ஒதுக்கிய பின்னரே நல்ல பழத்தைத் தோலுரித்துக் காய வைக்கின்றோம். செய்தியிலும் மேலே மிதப்பதே முதலிற் கண்ணில் படும். அதனை அள்ளிப் பிறருக்கு வழங்குவது தகுமோ? நல்ல நிருபர் ஒவ்வொரு செய்தியையும் சில கேள்விகளால் அலசுவார். கண்ணால் கண்டவர் யார்? எந்நாள், எவ்விடத்தில் நடந்தது? இப்படம் இதற்கு முன் வேறெங்கேனும் வந்துள்ளதா? பழி சுமத்தப்பட்டவரின் விடை யாது? இதனால் துன்புறுவோர் யார்? இவற்றுக்கு விடை கிட்டாதவரை அச்செய்தி அவருடைய குறிப்புப் புத்தகத்தைவிட்டு வெளியேறாது.

ஆதலின், சங்கத்தாரிடம் நான்கு விண்ணப்பங்களைப் பணிவுடன் வைக்கின்றேன். ஒன்று, பிற சமூகத்தாரைப்பற்றிய எச்செய்தியையும் தக்க சான்றின்றிச் சங்கக் குழுக்களில் இடலாகாது. இரண்டு, பெண்கள், குழந்தைகள் ஆகியோரின் பெயரும் படமும் அவர்தம் சம்மதமின்றி வெளிப்படலாகாது. மூன்று, வழக்கு நடக்கையில் நம்மவர் என்பதற்காக ஒருவரைப் புகழ்வதும், அயலவர் என்பதற்காக இகழ்வதும் ஒழியவேண்டும். நான்கு, தவறான செய்தி வந்துவிட்டால், எவ்விடத்தில் வந்ததோ அவ்விடத்திலேயே, அதே அளவில், திருத்தம் வெளியிடவேண்டும்; இவ்விதி நமது மாத சஞ்சிகைக்கும் பொருந்துவதாகுக.

திருவள்ளுவர் புறங்கூறாமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தனர். அவர் காலத்தில் புறங்கூற்று ஒரு தெருவளவே சென்றிருக்கும். இன்று கடல் கடந்து செல்கின்றது. சென்ற அதனை மீட்கவல்லார் ஒருவரும் இலர். நம் விரல் அதனை அனுப்புமுன் ஒரு கணம் நிற்குமாயின், எங்கோ ஓரூரில் வழி கேட்டு நிற்கும் ஒரு மூதாட்டி உயிரோடு வீடு திரும்புவார். குலத்துக்குப் பெருமை தேடும் நாம் இதனினும் மேலான பெருமையைத் தேடவேண்டுவதில்லை.