டாக்டருக்குத் தலைமைப் பயிற்சி

(கிளைக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற மருத்துவப் பேராசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

செயலாளர் என்னை அழைத்தபோது, "சர்க்கரை வியாதி பற்றிப் பேசுங்களேன்" என்றார். இங்கே வந்திருக்கும் மாமாக்களுக்கு அதில் என்னைவிட அனுபவம் அதிகம். ஆகவே வேறு விஷயம் எடுத்துக்கொண்டேன். நம்மில் பலருடைய பிள்ளைகளும் பேத்திகளும் மெடிகல் காலேஜில் படிக்கிறார்கள். வியாதியும் மருந்தும் கற்றுத் தருகிறோம். நாலு பேரை வைத்துக்கொண்டு ஒரு காரியத்தை நடத்துவது எப்படி என்று யார் கற்றுத் தருகிறார்கள்?

2019-ல் அமலுக்கு வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் டாக்டருக்கு ஐந்து பொறுப்புகளைச் சொல்கிறது. அதில் ஒன்று, மருத்துவக் குழுவின் தலைவராகவும் அங்கத்தினராகவும் இருப்பது. 'அங்கத்தினராகவும்' என்று சேர்த்தவரைப் பாராட்ட வேண்டும். ஆனால் இது வகுப்பறையில் பவர்பாயின்ட் போட்டு வருகிற வித்தை அல்ல. வார்டில்தான் வரும்.

ஒரு நோயாளிக்கு இதயம் நின்றுவிடுகிறது என்று வையுங்கள். எல்லோரும் ஓடி வருகிறார்கள், எல்லோரும் உத்தரவு போடுகிறார்கள். "யாராவது அட்ரினலின் எடுங்கள்" என்று ஒரு குரல். 'யாராவது' என்றால் ஒருவரும் எடுக்கமாட்டார்கள். பயிற்சி பெற்றவர் கட்டிலின் கால்மாட்டில் நிற்பார். ஆள் இருக்கும்போது தானே மார்பை அழுத்தப் போகமாட்டார். பெயர் சொல்லி வேலை கொடுப்பார். மருந்து செலுத்திய நர்ஸ், "கொடுத்தாயிற்று" என்று உரக்கத் திருப்பிச் சொல்வார். நிமிஷத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். அழுத்துகிறவரை 2 நிமிஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். கை சோர்ந்தது அவருக்கே தெரியாது.

இதைப் பொம்மையை வைத்துப் பழக்கலாம். நான் முதல் வருஷ பி.ஜி. பெண்ணைத் தலைவியாக நிறுத்துவேன். முதல் தடவை குரலே எழும்பாது. நாலாவது தடவை சீனியரைப் பார்த்து, "சார், கொஞ்சம் நகருங்கள்" என்பாள். அங்கேதான் பாடம் ஆரம்பிக்கிறது.

ஏனென்றால், நம் ஊரில் சீனியர் சொன்னால் மறுவார்த்தை கிடையாது. குருபக்தி நல்லதுதான். ஆனால் நோயாளியின் பொட்டாசியத்துக்கு சீனியாரிட்டி தெரியாது. ஆகவே ரவுண்ட்ஸில் கடைசி ஜூனியரை முதலில் பேச விடுவேன். பேராசிரியர் முதலில் வாயைத் திறந்தால், பிறகு தலையாட்டல்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் ஆபரேஷனுக்கு 19 அம்சப் பட்டியல் ஒன்றைக் கொடுத்தது. கத்தி வைக்குமுன் குழுவினர் தத்தம் பெயரையும் பொறுப்பையும் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது அதில் ஒன்று. ஒரு தடவை வாயைத் திறந்த நர்ஸுக்கு, "டாக்டர், வலது காலா, இடது காலா?" என்று கேட்கவும் துணிவு வரும். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் இந்தப் பட்டியலைப் பரிசோதித்து 2009-ல் முடிவு வெளியிட்டார்கள். மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்திருந்தது. அத்தனையும் பெயர் சொன்னதால் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆன்டிபயாடிக்கை நேரத்தில் கொடுப்பதும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

இப்போது பி.ஜி. மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணி செய்ய வேண்டும். வீடுகளில் இதை ஒரு தண்டனை போலப் பேசுகிறார்கள். தலைமை பழக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆள் குறைவு, கூட்டம் அதிகம், யாருக்கு எந்த வேலை என்பதை அன்றன்றே தீர்மானித்தாக வேண்டும்.

உங்கள் வீட்டில் மெடிகல் மாணவர் இருந்தால் மார்க்கை மட்டும் விசாரிக்காதீர்கள். "நேற்று டியூட்டி முடிந்தபோது நோயாளிகளை யாரிடம், என்ன சொல்லி ஒப்படைத்தாய்?" என்றும் கேளுங்கள். என்னிடம் கேள்விகள் இருந்தால் இப்போதே கேட்கலாம். காபி வந்துவிட்டால் என்னைக் கவனிக்கமாட்டீர்கள்.