எங்கள் மரத்துக்கு எந்தச் சங்கிலி?



ஐப்பசி பிறந்து வானம் கறுக்கத் தொடங்கினால் எங்கள் ஊர்களில் ஒரு சத்தம் கூடிவிடும். ஓட்டுக் கூரைக்கு மேலே சாய்ந்த வேப்பங்கொப்பு, மின்கம்பியை உரசும் மாங்கொப்பு, மதிலோரம் பட்டுப்போய் நிற்கும் தென்னை, எல்லாவற்றையும் மாரி இறங்குமுன் வெட்டிப் போட வேண்டும் என்ற அவசரம். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்த நாட்களை மறக்காதவர்களுக்கு அந்த அவசரம் நன்றாக விளங்கும். நான் சொல்லும் சத்தம் செயின் சோவின் சத்தம். பத்திரிகைகளில் சங்கிலி வாள் என்று எழுதுவார்கள். எங்கள் வாயில் அது மரம் அரியிற மெசின்.

அந்த மெசினின் உயிர் எஞ்சினில் இருக்கிறது என்றுதான் கனபேர் நினைக்கிறார்கள். ஆனால் மரத்தைத் தொடுவது எஞ்சின் அல்ல, சங்கிலி. மரம் வெட்டுகிற இடத்தில் நின்று நிலத்தைப் பாருங்கள். தேங்காய்ப்பூப் போலத் துருவல் துருவலாக விழுந்தால் சங்கிலி நல்ல நிலையில் இருக்கிறது. அரிசிமாப் போலத் தூள் பறந்தால் பல் மழுங்கிவிட்டது. பிறகு எஞ்சினை எவ்வளவு உறுமவிட்டாலும் எரிபொருள்தான் போகும், மரம் போகாது. அரம் போட்டும் சரிவராத கட்டத்தில் புதுச் சங்கிலி வாங்கத்தான் வேண்டும்.

எங்கள் வீட்டிலும் ஒரு மெசின் இருக்கிறது. முதல்முறை சங்கிலி மாற்ற வேண்டி வந்தபோது நான் கடைக்குப் போய், "தம்பி, பதினெட்டு அங்குலச் சங்கிலி ஒண்டு தாங்கோ" என்று கேட்டேன். தந்தார்கள். காசைக் கொடுத்து வாங்கி வந்து பூட்டிப் பார்த்தால், சங்கிலி சுற்றி ஓடுகிற நீண்ட தகடு, அதாவது பார், அதில் உட்காரவே இல்லை. இரண்டு பல் அளவு நீளம் குறைவு. பிழை கடைக்காரரில் அல்ல, என் கேள்வியில். பதினெட்டு அங்குலம் என்பது பாரின் நீளம், சங்கிலியின் அளவு அல்ல. காற்சட்டை வாங்கப் போய் இடுப்பளவைச் சொல்லாமல் வீட்டு விலாசத்தைச் சொன்ன கதைதான்.

சங்கிலிக்கு மூன்று அளவுகள் உண்டு. கையில் பென்சில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, கண்ணி இடைவெளி. சங்கிலியில் அடுத்தடுத்து இருக்கும் மூன்று ஆணித் தலைகளைப் பாருங்கள். முதல் ஆணியின் நடுவிலிருந்து மூன்றாம் ஆணியின் நடு வரை அளந்து, வந்ததை இரண்டால் பிரியுங்கள். அதுதான் அந்த அளவு. அளவுகோலில் பதினாறரை மில்லிமீற்றர் வந்தால் அது 0.325 அங்குலச் சங்கிலி. ஏறத்தாழ 19 மில்லிமீற்றர் வந்தால் அது 3/8 அங்குலம், அதாவது எட்டில் மூன்று. இருபதரை வந்தால் 0.404 அங்குலம், பெருமரம் விழுத்தும் பெரிய மெசின்களுக்கு உரியது. இந்த இடைவெளியும் எஞ்சினோடு சுற்றும் பற்சில்லும் பார் நுனியில் இருக்கும் சிறு சில்லும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பொருந்தாத சங்கிலியைக் கட்டாயப்படுத்தி ஓட்டினால் பற்சில்லும் போகும், சங்கிலியும் போகும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. எட்டில் மூன்றிலேயே இரண்டு சாதி உண்டு. ஒன்று சாதாரணமானது. மற்றது சின்ன மெசின்களுக்கென்று பல்லின் உயரத்தைக் குறைத்துச் செய்தது. அளவுகோலில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே தெரியும், ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றது ஓடாது. ஆகவே வீட்டுப் பாவனைக்கான சிறிய மெசின் என்றால், தாழ்ந்த பல் உள்ளதா, சாதாரணமானதா என்று கேட்டே வாங்குங்கள்.

இரண்டாவது, அடிப்பல்லின் தடிப்பு. சங்கிலியின் கீழே, பாரின் தவாளிப்புக்குள் இறங்கி ஓடும் தகட்டுப் பல்லைத்தான் அடிப்பல் என்கிறேன். அதன் தடிப்பு 1.1, 1.3, 1.5, 1.6 மில்லிமீற்றர் என்று வரும். தடித்தது ஒடுங்கிய தவாளிப்புக்குள் இறங்காது, அதனால் ஆபத்தில்லை. மெல்லியது அகன்ற தவாளிப்புக்குள் சந்தோஷமாக இறங்கிவிடும், அதில்தான் ஆபத்து. சங்கிலி அங்குமிங்கும் ஆடும், வெட்டு ஒரு பக்கம் இழுக்கும், சில வேளை சங்கிலி கழன்றும் போகும்.

மூன்றாவது, அடிப்பற்களின் எண்ணிக்கை. நான் கோட்டைவிட்டது இதிலேதான். அதே பதினெட்டு அங்குலப் பாருக்கு 62 அடிப்பல்லும் வரும், 68 உம் வரும், 72 உம் வரும். மெசினையும் கண்ணி இடைவெளியையும் பொறுத்தது. பழைய சங்கிலியை மேசையில் நீட்டிப் போட்டு, ஒவ்வொரு அடிப்பல்லாகத் தொட்டு எண்ணுங்கள். இரண்டு தரம் எண்ணுங்கள்.

இந்த மூன்றும் பெரும்பாலும் பாரின் அடியில், எஞ்சினுக்குக் கிட்டவாக, பொறித்திருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தால் தெரியும். அடிப்பல்லிலேயே இலக்கம் குத்தியிருப்பதும் உண்டு. ஒரிகன் கம்பனிச் சங்கிலியில் 91 என்றிருந்தால் அது தாழ்ந்த பல் கொண்ட எட்டில் மூன்று. 72, 73, 75 என்றிருந்தால் சாதாரண எட்டில் மூன்று, தடிப்பு மட்டும் 1.3, 1.5, 1.6 என்று வேறுபடும். எதுவும் தெரியாவிட்டால் பழைய சங்கிலியையே பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். அதைவிட நல்ல சாட்சி இல்லை.

இந்த மூன்று அளவையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு இரண்டாம் முறை நான் வேறொரு கடைக்குப் போனேன். அங்கே இருந்த வயதான மெக்கானிக் துண்டை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டார். "வெட்டப்போற மரம் எங்கை நிக்குது, ஐயா?"

நேயர்களே, அந்தக் கேள்விக்காகத்தான் இன்றைக்கு இந்த உரை. அளவு மூன்றையும் மெசின் சொல்லிவிடும். பல்லின் சாதியை மரமும் அது நிற்கும் மண்ணும்தான் சொல்ல வேண்டும்.

பல்லின் கதை சுவையானது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜோசப் கொக்ஸ் என்றொரு மரவெட்டி இருந்தார். அந்தக் காலத்துச் சங்கிலிகள் கைவாளின் பல் மாதிரிச் சுரண்டுகிறவை, கெதியாக மழுங்கிவிடும். 1946 இல் ஒரு நாள், உக்கிய குற்றி ஒன்றுக்குள் வண்டுப் புழு ஒன்று மரத்தைத் தின்பதை அவர் கண்டார். புழுவின் இரண்டு தாடைகளும் இடமும் வலமுமாக மரத்தைச் சீவிக்கொண்டு போயின. அதைப் பார்த்து, ஒரு பல் இடப்பக்கம், அடுத்த பல் வலப்பக்கம் சீவுகிற மாதிரிச் சங்கிலி செய்தார். 1947 இல் விற்பனைக்கு வந்தது. இன்றைக்கு உலகம் முழுக்க ஓடும் சங்கிலிகள் அதன் வழிவந்தவைதான். தென்னங்குருத்தைத் துளைக்கும் வண்டை நாங்கள் சபித்துக்கொண்டிருக்கிறோம். அவர் ஒரு புழுவிடம் பாடம் படித்தார்.

இன்று கடையில் கிடைக்கும் பல்லில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்றின் மூலை சதுரமாக, உளி நுனி போலக் கூராக இருக்கும். சுத்தமான, பச்சையான மரத்தில் அது பறக்கும். ஆனால் ஒரு பிடி மணல் பட்டால் அந்தக் கூர்மூலை போய்விடும். மற்றதன் மூலை சற்று உருண்டிருக்கும். வேகம் கொஞ்சம் குறைவு. ஆனால் புழுதி, காய்ந்த மரம், வைரம் பாய்ந்த மரம் எல்லாவற்றிலும் கூர் நின்றுபிடிக்கும். தீட்டுவதும் சுலபம்.

எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் எந்த மரம் சுத்தமாக நிற்கிறது? வடமராட்சிக் கரையில் காற்றோடு வந்த மணல் பட்டையின் வெடிப்புக்குள் இருக்கும். ஒழுங்கையோரப் பூவரசில் செம்மண் புழுதி. வேலியோரத்துக் கிளுவையிலும் வேம்பிலும் அப்பு காலத்தில் அடித்த முட்கம்பியும் ஆணியும். ஆகவே எங்கள் ஊருக்கு, பொதுவாகச் சொன்னால், மூலை உருண்ட பல்தான் உகந்தது. சதுரமூலைப் பல் விளம்பரத்தில் நன்றாக இருக்கும்.

பனைக்கு இது இன்னும் பொருந்தும். பனைக்கு ஆண்டு வளையம் இல்லை. வெளிப்புறம் கறுத்த வைரம், உள்ளே மெத்தென்ற சோற்றி. அதன் நாரோடு சிலிக்கா என்கிற மணற்சத்தும் கலந்திருக்கிறது. அதனால் பனை சங்கிலியை வேப்பமரத்தைவிடக் கெதியாகத் தின்னும். நார் வேறு இழுபட்டு வந்து பற்சில்லைச் சுற்றி அடைத்துக்கொள்ளும். பனை வெட்டும்போது இடையிடையே மெசினை நிற்பாட்டி, மூடியைக் கழற்றி அதைத் துப்புரவாக்க வேண்டும். மரத்தை நெடுக்காகப் பிளந்து வளையும் சிலாகையும் எடுக்கப்போகிறீர்கள் என்றால் அதற்கென்றே வேறு சங்கிலி உண்டு. வழமையான பல்லை 30 பாகை சரிவில் தீட்டுவார்கள். நெடுக்காக அரியும் சங்கிலியில் அது 10 பாகை. பலகையின் முகம் வழுவழுப்பாக வரும்.

இனி அந்த மெக்கானிக்கின் கேள்விக்கு வருகிறேன். மரம் எங்கை நிக்குது என்று அவர் கேட்டது மணலுக்காக மட்டுமல்ல. முகமாலை, கிளாலி, நாகர்கோவில் பக்கத்து மரம் என்றால் அதற்குள் சன்னமும் ஷெல் துண்டும் இருக்கலாம். போர் முடிந்து ஆண்டுகள் போனாலும் மரம் அதைத் துப்பிவிடவில்லை. ஓடுகிற சங்கிலி இரும்பில் பட்டால் பல் சிதறும், சில வேளை சங்கிலியே அறும். வன்பல் வைத்த விலைகூடிய சங்கிலிகளும் இருக்கின்றன. அவை புழுதிக்கு நல்லவை, இரும்புக்கு அல்ல. இரும்பில் பட்டால் அந்தப் பல்லும் உடைந்துவிடும்.

இங்கே பனைக்கும் வேம்புக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வேம்பு, பூவரசு, புளி போன்றவை பட்டைக்குக் கீழே ஆண்டுதோறும் புதிதாக வளர்ந்து தடிக்கும். காயத்தை மெல்ல மெல்ல மூடிவிடும். இருபது வருடத்துக்கு முந்திய சன்னம் மரத்துக்குள்ளே ஆழத்தில் போய்விடும், வெளியே ஒரு தழும்புகூடத் தெரியாது. பனைக்கு அந்த வளர்ச்சி இல்லை. பட்ட காயம் பட்டபடியே, கடைசி வரை திறந்தே நிற்கும். ஆகவே பனையைச் சுற்றி வந்து கண்ணால் பாருங்கள், துளை இருந்தால் அந்த இடத்தை விட்டு வெட்டுங்கள். வேம்பைக் கண்ணை நம்பி வெட்டாதீர்கள். அந்த மண்ணில் நின்ற பெருமரம் என்றால் உலோகம் காட்டும் கருவி வைத்துப் பார்ப்பது நல்லது. வெட்டும்போது மரத்தூள் நீலக்கறுப்பாக வந்தால் மெசினை நிற்பாட்டுங்கள். உள்ளே இரும்பு துருப்பிடித்து மரத்தில் ஊறியதன் அடையாளமாக அது இருக்கலாம்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். புதுச் சங்கிலியைக் கொஞ்ச நேரம் எண்ணெயில் ஊறவையுங்கள். பூட்டியபின் வெட்டாமல் சில நிமிடம் ஓடவிட்டு, ஆறியபின் இறுக்கத்தைப் பாருங்கள். சூட்டோடு இறுக்கினால் ஆறும்போது சுருங்கிப் பாரைப் பிடித்துக்கொள்ளும். வாகனத்திலிருந்து வடித்த கழிவு ஒயிலை ஊற்றாதீர்கள். அதில் இருக்கும் உலோகப் பொடி பாரை அரிக்கும். பற்சில்லு தேய்ந்திருந்தால் புதுச் சங்கிலியும் பழையதின் வழியே போகும். இரண்டு சங்கிலிக்கு ஒரு தடவை அதை மாற்றுவது இலாபம். பழக்கம் குறைந்தவர்கள் பல்லுக்கு முன்னால் பாதுகாப்புத் திமில் வைத்த சங்கிலியைக் கேளுங்கள். பார் நுனியின் மேற்பாதி மரத்தில் பட்டால் மெசின் முகத்துக்கு நேரே எகிறும். அந்தத் திமில் அதைக் குறைக்கும், முற்றாகத் தடுக்காது.

வெட்டுமுன் இன்னொன்று. 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வீழ்த்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்ட முடியாது. உங்கள் காணியில் நின்றாலும் முதலில் கிராம அலுவலரிடம் கேளுங்கள், அதன்பிறகு கடைக்குப் போங்கள்.

நான் அன்று வாங்கிய இரண்டாவது சங்கிலி உருண்ட மூலைப் பல். மூன்று மாரி கண்டுவிட்டது. இப்போது யாராவது என்னிடம் எந்தச் சங்கிலி நல்லது என்று கேட்டால் கம்பனிப் பெயர் சொல்வதில்லை. அந்த மெக்கானிக் கேட்ட கேள்வியைத்தான் திருப்பிக் கேட்கிறேன்: மரம் எங்கை நிக்குது?