தைராய்டும் சிவகாசிக் கிணறும்: தலைமை உரை

எனக்குப் பாடம் சொல்லித் தந்தவர்களே முன்வரிசையில் இருக்கும்போது தலைமை நாற்காலியில் அமர்வது பெருமையாகவும் இருக்கிறது, உள்ளூரப் படபடப்பாகவும் இருக்கிறது.

அழைப்பிதழில் உள்ள பொருள் நாளமில்லாச் சுரப்பிகளும் அவற்றின் ஹார்மோன்களும். பிட்யூட்டரிக்கும் அட்ரீனலுக்கும் தனித்தனி அமர்வுகள் உண்டு. கணையத்துக்கு நாளை முழுநாளும் ஒதுக்கியிருக்கிறார்கள். சினைப்பை நீர்க்கட்டி பற்றி நாளை மறுநாள் பேசப்போகிறவர்கள் என்னைவிட நன்றாகப் பேசுவார்கள். அடிப்படைகளை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கருத்தரங்கு விருதுநகர் மாவட்டத்தில் நடக்கிறது. ஆகவே தைராய்டு என்ற ஒரே ஒரு சுரப்பியைப் பற்றி, அதிலும் ஒரே ஒரு வழக்கைப் பற்றிப் பேச அனுமதி கேட்கிறேன்.

1952இல் பாஸ்டனில் ஸ்டான்பரியும் வைன்கார்டனும் ஒரு கட்டுரை எழுதினார்கள். பெர்குளோரேட் கொடுத்தால் மனிதத் தைராய்டு அயோடைடை இழுத்துச் சேர்ப்பது தடைபடுகிறது என்று அதில் காட்டினார்கள். அந்தப் பத்தாண்டிலேயே பொட்டாசியம் பெர்குளோரேட் மாத்திரையாகி, மிகைத் தைராய்டு நோயாளிகளுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. எலும்பு மஜ்ஜை செயலிழந்து சிலர் இறந்ததால் 1960களில் அது பெரும்பாலும் கைவிடப்பட்டது. 1996இல் கராஸ்கோவின் குழு சோடியம்-அயோடைடு கடத்திப் புரதத்தின் மரபணுவைப் பிரித்தெடுத்த பிறகு, தடை விழுகிற இடமும் தெளிவாயிற்று. அந்தக் கடத்தி அயோடைடைவிடப் பெர்குளோரேட்டைச் சுமார் 30 மடங்கு வலுவாகப் பற்றுகிறது. பெர்குளோரேட் வெளியேற்றச் சோதனை நம் பாடநூல்களில் இன்றும் உண்டு.

நாம் மாத்திரையாக எழுதிக் கொடுத்த அதே உப்பு, இங்கிருந்து சில மைல் தொலைவில் சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் டிரம் டிரம்மாக இறங்குகிறது. வானில் போய் நிறம் நிறமாகச் சிதறும் பேன்சி ரகங்களுக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தருவது பெரும்பாலும் அதுதான். வேலை முடிந்து வீடு திரும்பும் பெண் சிமெண்டுத் தொட்டியருகே கை கழுவுவதைப் பார்த்திருப்பீர்கள். முழங்கை வரை அலுமினியப் பவுடர் வெள்ளியாக மின்னும். தேய்த்துக் கழுவ, தண்ணீரின் மேல் சாம்பல் நிற ஆடை மிதக்கும். அந்த ஆடை கண்ணுக்குத் தெரிகிறது. அதனடியில் கரைந்து வாய்க்காலுக்குப் போகும் வெள்ளை உப்புக்கு நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. மண் அதைப் பிடித்து வைப்பதில்லை. ஆக்சிஜன் உள்ள நீரில் அது எளிதில் சிதைவதுமில்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அதன் செறிவு கூடத்தான் செய்யும். பட்டாசு மருந்து அறை கழுவிய நீரும், மழையில் நனைந்த கழிவு மருந்தும் சேருமிடம் நிலத்தடி நீர்.

இதை அளந்தவர்கள் நம் துறையினர் அல்லர். ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்து இசோபேயும் தனபேயும் நம் நாட்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பட்டாசுப் பகுதியின் நிலத்தடி நீர் மாதிரிகளில் ஏறத்தாழ ஆறில் ஒன்று, அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் வழிகாட்டி அளவான லிட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. உச்ச அளவு 7,000 மைக்ரோகிராமுக்கும் மேல். குழாய் நீரில் இருந்தது மிகக் குறைவு என்பதையும் அவர்கள் நேர்மையாகவே எழுதியிருக்கிறார்கள். வேதியியல்காரர்கள் இந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறார்கள். நம் துறைக் கூட்டங்களில் அதன் பெயரை நான் கேட்டதில்லை. தைராய்டு நம்முடையது, கிணறு வேறொருவருடையது என்று பிரித்து வைத்துவிட்டோம்.

முந்தைய கூட்டமொன்றில் நான் இதை எழுப்பியபோது, நான் மதிக்கும் மூத்த அறிஞர் ஒருவர் இரண்டு மறுப்புகளைச் சொன்னார். அன்று நேரம் இல்லாததால் இன்று பதில் சொல்கிறேன்.

முதலாவது கிரீர் ஆய்வு. 2002இல் வெளியான அந்த ஆய்வில் நலமான 37 பேருக்கு 14 நாள் பெர்குளோரேட் கொடுத்தார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 0.007 மில்லிகிராம் அளவில் குறிப்பிடத்தக்க தடை ஏதும் தெரியவில்லை. ஆகவே கவலை வேண்டாம் என்பது வாதம். அதே ஆய்வில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் கொடுத்தபோது, அயோடின் உறிஞ்சலில் பாதிக்குச் சற்றே குறைவான பங்கு தடைபட்டது. இப்போது அந்த உச்ச அளவுக் கிணற்றை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 2 லிட்டர் என்றால் 14 மில்லிகிராம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்குக் கிலோவுக்குக் கிட்டத்தட்ட 0.25 மில்லிகிராம். எல்லாக் கிணறும் அப்படியில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கவலை வேண்டாம் என்ற முடிவுக்குக் கிரீரைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. அந்த 15 மைக்ரோகிராமும் 70 கிலோ எடை, நாளுக்கு 2 லிட்டர் என்ற கணக்கில் போட்டது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழ் வேலை செய்பவர் 2 லிட்டரோடு நிறுத்துவாரா? இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 பட்டியலிலோ பெர்குளோரேட்டுக்கு இடமே இல்லை.

இரண்டாவது, அமெரிக்க அம்மோனியம் பெர்குளோரேட் ஆலைத் தொழிலாளர் பற்றி 1999இல் லாம் குழுவினர் செய்த ஆய்வு. பாதிப்பு தெரியவில்லை என்பது உண்மை. ஆனால் அவர்கள் பெரும்பாலும் ஆண்கள், வளர்ந்தவர்கள், அயோடின் போதுமான உணவு உண்டவர்கள். வளர்ந்தவரின் தைராய்டில் பல வாரங்களுக்கான ஹார்மோன் இருப்பு உண்டு. பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்கான இருப்புகூட இல்லை. கருவின் தைராய்டு தன் காலில் நிற்கும்வரை தாயின் தைராக்சினே அதற்கு ஆதாரம். அதே கடத்தி பால் சுரப்பியிலும் இருப்பதால் பெர்குளோரேட் தாய்ப்பாலிலும் போகிறது. பட்டாசுத் தொழிலில் பெண்கள் எத்தனை பேர் என்று இந்த ஊரில் நின்றுகொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை.

அயோடின் குறைந்தால் கதையே மாறுகிறது. 2006இல் பிளவுண்ட் குழுவினர் அமெரிக்கத் தேசிய மாதிரியை ஆராய்ந்தார்கள். சிறுநீரில் அயோடின் லிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குக் குறைவாக இருந்த பெண்களில், பெர்குளோரேட் கூடக்கூடத் தைராக்சின் குறைந்து டி.எஸ்.எச். ஏறியது. அந்தப் பெண்கள் எந்த ஆலையிலும் வேலை செய்தவர்கள் அல்லர், பொதுமக்கள்.

இங்கேதான் நம் துறையின் பழைய நம்பிக்கை ஒன்றோடு எனக்கு வழக்கு இருக்கிறது. கடல் பக்கத்தில் இருக்கிறது, நமக்கு அயோடினுக்குக் குறைவில்லை, முன்கழுத்துக் கழலை இமயமலைக்காரர்களின் நோய் என்று நம் தலைமுறைக்குச் சொல்லித் தந்தார்கள். காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956இல் ராமலிங்கசுவாமி தொடங்கிய ஆய்வு நம் நாட்டின் பெருமை. ஆனால் அதைப் படித்துவிட்டு நோய் அங்கேதான் என்று முடித்துக்கொண்டது நம் தவறு. 2018-19 இந்திய அயோடின் கணக்கெடுப்பில், போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாட்டளவில் 76.3 விழுக்காடு. தமிழ்நாட்டில் 61.9, மாநிலங்களில் அதுதான் கடைசி இடம். தூத்துக்குடி உப்பளம் கூப்பிடு தூரத்தில் இருப்பதே இங்கே எதிராக வேலை செய்கிறது. அளத்திலிருந்து மூட்டையில் வரும் கல்லுப்பு மலிவு, கைக்கு எளிது; அதில் அயோடின் சேர்ந்திருப்பதில்லை. ஆக, கிணற்றில் தடுப்பான் கூடுதலாகவும் சமையலறையில் அயோடின் குறைவாகவும் இருக்கக்கூடிய மாவட்டம் இது. இரண்டையும் ஒரே ஆளிடம் சேர்த்து அளக்காமல், வருகிற பெண்களுக்கெல்லாம் பரம்பரை என்றோ தன்னெதிர்ப்பு என்றோ எழுதி லெவோதைராக்சின் கொடுத்து அனுப்புவதை நான் ஏற்கவில்லை. பெர்குளோரேட்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. கேள்வியே கேட்காமல் விடை எழுதுகிறோம் என்கிறேன்.

அளப்பதிலும் கவனம் வேண்டும். உடலில் பெர்குளோரேட்டின் அரை ஆயுள் சுமார் 8 மணி நேரம். தீபாவளி முடிந்து ஆலைகள் மூடிக் கிடக்கும்போது போய் மாதிரி எடுத்தால் ஒன்றும் கிடைக்காது; ஒன்றுமில்லை என்று கட்டுரையும் எழுதிவிடலாம். உற்பத்தி மும்முரமாக இருக்கும் மாதங்களில், சனிக்கிழமை மாலையும் திங்கள் காலையும், அதே பெண்ணிடம் எடுக்க வேண்டும். திங்களன்றும் அளவு இறங்கவில்லை என்றால் அது தொழிற்கூடத் தூசியால் வந்ததன்று, குடிக்கிற தண்ணீரைத் தேட வேண்டும். சாத்தூரிலும் வெம்பக்கோட்டையிலும் சிவகாசியிலும் பிறக்கும் குழந்தைகளின் குதிகால் இரத்தத்தில் டி.எஸ்.எச். பார்ப்பது இதோடு சேர வேண்டும். ஒப்பிட, பட்டாசுத் தொழில் இல்லாத ஒரு பகுதியும் வேண்டும்.

தொழிலுக்கு இது பகை என்று கருதுவோர் இந்த அவையிலும் இருக்கலாம். 2018இல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியத்தைத் தடுத்தபோது விவாதம் முழுவதும் டெல்லியின் காற்றைப் பற்றி நடந்தது. சிவகாசியின் தண்ணீரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இங்கே வேலை செய்கிறவரின் தொண்டையை முன்னிறுத்தும் கேள்வி தொழிலாளருக்குப் பகையாக முடியாது. மருந்து அறை கழுவிய நீரைத் தனித் தொட்டியில் பிடித்து வைப்பது ஆலை முதலாளிக்குத் தாங்க முடியாத செலவும் அல்ல. அயோடின் உப்போ அதைவிட மலிவு. ரேஷன் கடை வழியாக இந்த மாதமே தொடங்கலாம். கிணற்று ஆய்வு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

மாலை அமர்வில் இந்த அளவீடு, கழிவுநீர்த் தொட்டி, அயோடின் உப்பு மூன்றையும் தீர்மானமாக முன்மொழிகிறேன். மறுக்க விரும்பும் மூத்தவருக்கு என் நேரத்திலிருந்தே பத்து நிமிடம் தருகிறேன். கர்ப்பிணிகளிடம் எடுத்த ஒரு அளவையாவது அவர் கையோடு கொண்டுவர வேண்டும் என்பது மட்டுமே என் வேண்டுகோள். முதல் அமர்வு தொடங்கட்டும்.