பிறவியிலேயே வந்த நரம்பு: அச்சம் வேண்டாம், மறக்கவும் வேண்டாம்



இருமலுக்காக சிடி ஸ்கேன் எடுக்கிறீர்கள். நுரையீரலில் கோளாறு இல்லை. ஆனால், "இதயத்தின் அருகே பிறவியிலேயே கூடுதலாக ஓர் இரத்தக்குழாய் இருக்கிறது" என்கிறார் மருத்துவர். எழுபது வயதில் இதைக் கேட்டால் யாருக்கும் நெஞ்சு படபடக்கும்.

இது புதிதாக வந்த நோய் அன்று. தாயின் கருவில் வளரும்போது, தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் இரத்தத்தை இதயத்திற்குக் கொண்டுவரும் பெரிய குழாய் நம் எல்லாருக்கும் இரு பக்கமும் இருந்தது. பிறப்பதற்கு முன்பே இடப்பக்கக் குழாய் பெரும்பாலும் மறைந்துவிடும். ஆயிரம் பேரில் ஏறத்தாழ 3 முதல் 5 பேருக்கு அது மறையாமல் தங்கிவிடுகிறது. மருத்துவ அறிக்கையில் இதை 'பிஎல்எஸ்விசி' என்று சுருக்கி எழுதுவார்கள்.

பெரும்பாலோருக்கு இந்தக் குழாய் இதயத்தின் வலப்பக்கத்திலேயே சேர்வதால் தொல்லை ஏதும் இராது, சிகிச்சையும் தேவைப்படாது. சிலருக்கு மட்டும் அது இடப்பக்கத்தில் சேரும். வேறு பிறவிக் குறையும் உடன் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளவே மருத்துவர் எக்கோ ஸ்கேன் எடுக்கச் சொல்வார். தவறாமல் செல்லுங்கள்.

அப்படியானால் இதை ஏன் நினைவில் வைக்க வேண்டும்? நாளை உங்களுக்கு பேஸ்மேக்கர் பொருத்த நேரலாம். டயாலிசிஸ் அல்லது கீமோதெரபிக்காக கழுத்து வழியாகவோ கை வழியாகவோ குழாய் செலுத்த நேரலாம். இடப்பக்கம் செலுத்தும் கம்பியோ குழாயோ எதிர்பாராத பாதையில் போகும். முன்கூட்டியே தெரிந்தால், எந்தப் பக்கம் ஏற்றது என்று மருத்துவர் திட்டமிட்டுக்கொள்வார்.

மூன்று காரியங்களைச் செய்யுங்கள்:

1. ஸ்கேன் அறிக்கையின் நகலை மருந்துப் பட்டியலுடன் சேர்த்து வையுங்கள்.

2. மேற்சொன்ன சிகிச்சைக்கோ இதய அறுவை சிகிச்சைக்கோ முன், "எனக்கு இடப்பக்கம் பிறவியிலேயே கூடுதல் இரத்தக்குழாய் உள்ளது" என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

3. மகனிடமோ மகளிடமோ பராமரிப்பாளரிடமோ சொல்லி வையுங்கள். நீங்கள் பேச முடியாத நேரத்தில் அவர்கள் சொல்வார்கள்.

இன்னொன்று: நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், முகம் கோணுதல், கை கால் திடீரென மரத்துப்போதல் ஆகியவை வந்தால், "அந்தப் பழைய குழாய்தான் காரணம்" என்று வீட்டில் காத்திருக்காதீர்கள். உடனே 995 எண்ணை அழையுங்கள்.

இத்தனை ஆண்டுகள் உங்களோடு அமைதியாக இருந்த குழாய் அது. அஞ்ச வேண்டாம், சொல்ல மறக்கவும் வேண்டாம்.