குழந்தைகள் கையில் கம்பளி

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



தோல் என்றால் என்னவென்று நம் பகுதியில் எவருக்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பழைய வேலூர் மாவட்டம் 2019-ஆம் ஆண்டில் மூன்றாகப் பிரிந்த போதிலும், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் பெயர் தோலோடு சேர்ந்தே வெளியுலகில் வழங்கி வருகிறது. அத்தோலின்மேல் வளரும் மயிரைப் பற்றித்தான் நாம் அதிகம் எண்ணுவதில்லை. அதைக் கொண்டு சிறு குழந்தைகள் செய்து மகிழத்தக்க எளிய கைவேலை ஒன்றைப் பற்றி இன்று கூற விரும்புகிறேன்.

கம்பளியைச் சுடுநீரிலிட்டுக் கசக்கினால் அது சுருங்கித் தடித்துப் போவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். காரணம் யாது? ஆட்டுக் கம்பளியின் ஒவ்வோர் இழையின் மேலும் மீன்செதில் போன்ற நுண்ணிய செதில்கள் உள்ளன. வெந்நீரும் சோப்பும் பட்டுத் தேய்க்கப்படும்போது இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன, மீண்டும் பிரிவதில்லை. துணிக்கு நேர்ந்தால் இது நஷ்டம். வேண்டுமென்றே செய்தால் இதுவே ஒரு கலை. தறியும் ஊசியுமின்றி இவ்வாறு செய்யப்படும் விரிப்பைக் காஷ்மீரத்தில் நமதா என்பர். மங்கோலிய மேய்ப்பர்கள் தங்கள் கூடாரங்களையே இவ்வகைக் கம்பளத்தால் மூடி, கடுங்குளிரைத் தாங்கி வாழ்கின்றனர்.

செய்முறை எளிது. கழுவி உலர்த்திய கம்பளியைக் கையால் பஞ்சுபோல் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு பாய்த்துண்டின் மீது மெல்லிய அடுக்காக நீளவாட்டில் பரப்ப வேண்டும். அதன்மேல் குறுக்குவாட்டில் மற்றோர் அடுக்கு. இவ்வாறு நான்கு அடுக்குகள் போதும். கொசுவலைத் துண்டால் மூடி, கை பொறுக்கும் வெதுவெதுப்பான சோப்புநீரைத் தெளிக்க வேண்டும். முதலில் உள்ளங்கையால் மெல்ல அழுத்தி, இழைகள் சற்றே பிடித்தபின் நன்றாகத் தேய்க்கலாம். விரலால் கிள்ளினால் இழை தனியே எழாத நிலை வந்ததும், பாயோடு சுருட்டி முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். பின்பு அலசி நிழலில் உலர்த்தினால் சிறு விரிப்பு ஒன்று கிடைக்கும். மிகச் சிறு குழந்தைகளோ, கம்பளிச் சுருளைச் சோப்புநீரில் நனைத்து உள்ளங்கைகளுக்கிடையில் உருட்டிப் பந்து செய்யலாம். வாயிலிட்டு விழுங்க முடியாத அளவுக்கு அப்பந்து பெரிதாக இருத்தல் அவசியம்.

இனி, எந்தக் கம்பளியைப் பயன்படுத்துவது? சென்னைச் சிவப்பு, மேச்சேரி ஆகிய ஆடுகளின் மேல் இருப்பது குட்டையான மயிரே. அது இதற்கு உதவாது. கம்பளி தரும் திருச்சி கறுப்பு, கோயம்புத்தூர், நீலகிரி இன ஆடுகளின் உடலிலிருந்து கத்தரித்த மயிரே ஏற்றது. இழை மென்மையாக இருப்பின் விரைவில் பிடிக்கும்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. தோல் பதனிடும் இடங்களில் கழித்துப் போடும் மயிர் இலவசமாகக் கிடைக்கிறதே என்று எவரும் அதைக் குழந்தைகளிடம் கொடுக்கலாகாது. சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் பூசி அம்மயிரைக் கழற்றுகிறார்கள். அவை பெரியவர்களின் தோலையே அரிக்க வல்லவை. குழந்தையின் கையும் கண்ணும் எம்மாத்திரம்? மேலும், அடைப்பான் நோயால் இறந்த ஆட்டின் மயிரிலும் தோலிலும் அந்நோயின் வித்துக்கள் நெடுங்காலம் உயிரோடிருக்கும். சென்ற நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் கம்பளி பிரிக்கும் தொழிலாளர் பலர் இந்நோய்க்குப் பலியானார்கள். வேலூர்ப் பகுதியிலும் மனிதருக்கு இந்நோய் கண்டதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கின்றனர். ஆகவே, ஆடு திடீரென இறந்தால் தோலை உரிக்கவோ மயிரை எடுக்கவோ வேண்டாம். கால்நடை மருத்துவரிடம் உடனே தெரிவியுங்கள். நலமுள்ள, உயிருள்ள ஆட்டின் கம்பளியையே, பெரியவர்கள் கழுவிய பின்னரே, குழந்தைகளுக்குக் கொடுங்கள்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். பீடி, தீப்பெட்டி, தோல் ஆகிய தொழில்களில் பிஞ்சுக் கைகள் உழைத்து நைந்த காலத்தை நம் பகுதி அறியும். பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதை 2016-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் எல்லாத் தொழில்களிலும் தடை செய்தது. எனவே, இக்கைவேலையில் எத்தனை பந்து செய்தாய் என்று குழந்தையைக் கேட்கக் கூடாது; அதை விலைக்கு விற்கவும் கூடாது. பந்து கோணலாயின் கோணலாகவே இருக்கட்டும். 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் கைத்தொழில் வழிக் கல்வியை வற்புறுத்தியபோது, கையும் அறிவும் சேர்ந்து வளர வேண்டுமென்பதே அவர் கருத்து. ஐந்து வயதுக் குழந்தைக்கு அவ்வளர்ச்சி விளையாட்டின் வாயிலாகவே வரும். தண்ணீரின் வெப்பம், நுரையின் வழுக்கல், தளர்ந்த பஞ்சு தன் கைக்குள்ளேயே இறுகிவரும் வியப்பு, இவையே அதற்குப் பாடம்.

ஊராட்சி உறுப்பினர்களே! உங்கள் ஊர் அங்கன்வாடிக்கு ஒரு கூடை நல்ல கம்பளியும், சில பாய்த்துண்டுகளும், ஒரு சோப்புக் கட்டியும் ஏற்பாடு செய்யுங்கள். பெரிய செலவில்லை. பிறகு ஒரு நாள் நீங்களும் சென்று குழந்தைகளோடு அமர்ந்து ஒரு பந்து உருட்டிப் பாருங்கள். தோலுக்குப் பேர்பெற்ற நம் ஊர்களில், குழந்தைகளின் கைகள் விளையாட்டால் மட்டுமே நனையட்டும்.