கோயில் மதில் தூதரக மதில் அல்ல

(சாணக்யபுரியில் நடைபெற்ற சங்க மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

மத ஸ்தாபனங்களின் உரிமை எதுவரை, சட்டத்தின் கை எதுவரை என்பது இன்றைய பொருள். இதைப் பேசச் சாணக்யபுரியைவிடப் பொருத்தமான இடம் டெல்லியில் இல்லை. இங்கே சாலைக்கு இருபுறமும் தூதரகங்கள். 1961ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தப்படி, தூதரின் சம்மதமின்றி நம் நாட்டுப் போலீஸ்காரர் ஒருவர்கூட அந்த மதிலைத் தாண்ட முடியாது.

கோயில், மடம், மசூதி, சர்ச் ஆகியவற்றின் மதிலும் இப்படிப்பட்டதுதானா? "ஆம், மத விஷயத்தில் சட்டம் எட்டிப் பார்க்கவே கூடாது" என்பார் சிலர். "எல்லாவற்றையும் அரசாங்கமே எடுத்துக்கொள்ளட்டும்" என்பார் வேறு சிலர். நாம் இரண்டு கட்சியிலும் இல்லை. ஏன் என்று சொல்கிறோம்.

அரசியல் சட்டத்தின் 25ஆவது ஷரத்து தனிமனிதனுக்கு மத சுதந்திரம் தருகிறது. ஆனால் பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கும், மற்ற அடிப்படை உரிமைகளுக்கும் அது கட்டுப்பட்டது. பொதுத் தன்மையுள்ள இந்து மத ஸ்தாபனங்களை எல்லா வகுப்பாருக்கும் திறந்துவிடச் சட்டம் செய்யலாம் என்றும் அதே ஷரத்து கூறுகிறது. 26ஆவது ஷரத்து மதப் பிரிவுகளுக்குத் தங்கள் மத விவகாரங்களைத் தாங்களே நடத்தும் உரிமை தருகிறது. அங்கே பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் மூன்றும் இருக்கின்றன. மற்ற அடிப்படை உரிமைகள் என்ற சொற்கள் இல்லை. எழுபது வருஷத்து வழக்குகளில் பெரும்பகுதி இந்த இடைவெளிக்குள்தான் நடந்திருக்கிறது.

முதல் பெரிய வழக்கு நம் சென்னை ராஜ்யத்திலிருந்து போனதுதான். 1951ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தை எதிர்த்து ஷிரூர் மடத்தார் தொடுத்த வழக்கில், 1954ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. எந்தச் சடங்கு மதத்துக்கு இன்றியமையாதது என்பதை அந்த மதக் கோட்பாட்டைக் கொண்டே பார்க்க வேண்டும். சொத்து நிர்வாகத்தைச் சட்டம் ஒழுங்குபடுத்தலாம் என்றது. கமிஷனரும் அவருடைய சிப்பந்திகளும் எந்த நேரத்திலும் எந்த இடத்திலும் நுழையலாம் என்றிருந்த பிரிவை ரத்து செய்தது. மடங்களிடம் வசூலித்த தொகை கட்டணம் அல்ல, வரி என்று சொல்லி அதையும் தள்ளியது. அரசாங்க அதிகாரியின் கைக்கும் எல்லை உண்டு என்ற இந்தப் பகுதியை நாம் மறைக்கத் தேவையில்லை. அது நியாயமான தீர்ப்பு.

1958ல் மூல்கி வேங்கடரமணர் கோயில் வழக்கு. கௌட சாரஸ்வத பிராமணர்கள், "இது எங்கள் பிரிவின் கோயில், மற்றவர் வரக்கூடாது" என்றார்கள். 1947ஆம் ஆண்டு சென்னை ஆலயப் பிரவேசச் சட்டம் அந்தக் கோயிலுக்கும் பொருந்தும் என்று கோர்ட்டு சொன்னது. சில விசேஷச் சடங்குகளை மட்டும் அந்தப் பிரிவினர் தங்களுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்றது.

கதவு திறந்தது. கருவறை திறந்ததா? அங்கேதான் நம் தமிழ்நாட்டின் வழக்கு வருகிறது.

கருவறையில் சாதி கூடாது என்று பெரியார் போராட்டம் அறிவித்தார். கலைஞர் அரசு 1970 டிசம்பரில் சட்டசபையில் மசோதாவை நிறைவேற்றி, அர்ச்சகர் பதவிக்குப் பரம்பரை உரிமை இல்லை என்று ஆக்கியது. 1972 மார்ச் 14ஆம் தேதி சேஷம்மாள் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு வந்தது. அர்ச்சகரை நியமிப்பது டிரஸ்டி செய்யும் உலகியல் காரியம். ஆகவே பரம்பரை உரிமையை ஒழித்தது செல்லும் என்றது. அதே மூச்சில், ஆகமம் குறிப்பிடும் பிரிவினர் அல்லாதார் விக்கிரகத்தைத் தொட்டால் தீட்டு என்ற நம்பிக்கைக்கும் பாதுகாப்பு உண்டு என்றது. சட்டம் வென்றது, சட்டத்தின் நோக்கம் தோற்றது. மறு வருஷம் பெரியாரும் மறைந்தார்.

2006ல் கலைஞர் அரசு மறுபடியும் ஆணை போட்டது. ஆறு ஊர்களில் பயிற்சிப் பள்ளிகள் திறந்தன. எல்லாச் சாதியிலிருந்தும் இருநூறுக்கு மேற்பட்ட இளைஞர்கள் ஆகமமும் மந்திரமும் கற்றுத் தேறினார்கள். தேறியவர்கள் காத்திருந்தார்கள். 2015 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, ஆகமப்படி நியமிக்கலாம், ஆனால் அது அரசியல் சட்டத்துக்கு முரணாகக் கூடாது, கோயிலுக்குக் கோயில் பார்க்க வேண்டும் என்றது. 2018ல் மதுரையில் ஒருவருக்கு வேலை கிடைத்தது. 2021 ஆகஸ்டில்தான் பயிற்சி பெற்ற இருபத்து நான்கு பேருக்கு ஒரே நாளில் நியமன உத்தரவு கிடைத்தது. உடனே புதிய வழக்குகள். 2022ல் சென்னை ஹைக்கோர்ட்டு, எவை ஆகமக் கோயில்கள் என்று கண்டறியக் கமிட்டி அமைக்கச் சொன்னது. 2023 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, உள்ள நிலை அப்படியே தொடரட்டும் என்றது.

தோழர்களே, கணக்குப் பாருங்கள். பள்ளியில் சேர்ந்தபோது மீசை முளைத்த பிள்ளை, இன்று நாற்பதை நெருங்குகிறான். ரயில்வேயில் பரீட்சை எழுதித் தேறிய ஒருவனை, "உன் தகப்பனார் ரயில்வேயில் இல்லையே" என்று திருப்பி அனுப்பினால் நம் யூனியன் சும்மா இருக்குமா? 1980ல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகளை ஒழித்தது. கிராமக் கணக்குப் புத்தகத்துக்குப் போன பரம்பரை, பூஜை மணிக்கு மட்டும் ஏன் நிற்க வேண்டும்?

"ஆகமம் அழியும்" என்கிறார்கள். 1939 ஜூலை 8ஆம் தேதி வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட தோழர்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சி கோயிலுக்குள் போனபோதும் ஆகமம்தான் குறுக்கே நிறுத்தப்பட்டது. மீனாட்சி போய்விடவில்லை, கூட்டம் பெருகித்தான் இருக்கிறது. கேரளத்தில், தேர்ச்சி பெற்ற பிராமணரல்லாதார் பூஜை செய்யலாம் என்று 2002ல் சுப்ரீம் கோர்ட்டு ஏற்றது. 2017ல் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டின் கோயில்களுக்குத் தாழ்த்தப்பட்டோர் உள்பட முப்பத்தாறு பிராமணரல்லாத அர்ச்சகர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்.

"இந்துக் கோயிலுக்கு மட்டும்தானா சட்டம்?" என்றும் கேட்கிறார்கள். வக்பு சொத்துக்குச் சட்டம் உண்டு. இதே டெல்லியில்தான் பங்களா சாஹிப் குருத்வாரா. 1971ஆம் ஆண்டு டெல்லி குருத்வாராச் சட்டப்படி சீக்கிய வாக்காளர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் கமிட்டி அதை நடத்துகிறது. போரா முஸ்லிம்களிடையே சாதி விலக்கு போன்ற விலக்கலைத் தடுத்த 1949ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டத்தை 1962ல் சுப்ரீம் கோர்ட்டு தள்ளியது. அதனால் தலைவரோடு மாறுபட்டவனுக்குச் சொந்த ஜமாத்தின் இடுகாட்டில் இடம் இல்லை என்று சொல்ல முடிந்தது. அந்தப் பிரச்சினையும் 2023ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. எந்த மதமாயினும் கேள்வி ஒன்றுதான்: தனியுரிமை யாருக்கு? கும்பிடுகிற எல்லாருக்குமா, சாவி வைத்திருக்கிற சிலருக்கா?

நம் நிலை இதுதான். எந்த மந்திரம், எந்த நைவேத்தியம், எந்த நாள் திருவிழா என்பதை அதிகாரி தீர்மானிக்க வேண்டாம். உண்டியல் கணக்கும் நிலக்குத்தகையும் தணிக்கைக்கு வரட்டும். நிர்வாகம் கெட்டால் அரசு தலையிடலாம். குறை தீர்ந்ததும் திருப்பித் தர வேண்டும். 2014ல் சிதம்பரம் கோயில் வழக்கில் கோர்ட்டு சொன்னதும் அதையே. தீட்சிதர்களுக்கு அது சாதகமானது என்பதற்காக அந்த நியாயம் அநியாயமாகிவிடாது. ஆனால் பிறப்பைக் காட்டி மனிதனைத் தள்ளும் உரிமை எந்த ஸ்தாபனத்துக்கும் கிடையாது. அது மத விவகாரம் அல்ல. 17ஆவது ஷரத்து ஒழித்த தீண்டாமையின் மிச்சம்.

கடைசியாக ஒன்று. டெல்லியில் நாம் கட்டிய கோயில்களுக்குத் தமிழ்நாட்டு அறநிலையச் சட்டம் பொருந்தாது. சொசைட்டியாகப் பதிவு செய்து விதிகளை நாமே எழுதுகிறோம். இங்கே தடுக்க அரசாங்கமும் இல்லை, சாக்குச் சொல்லக் கோர்ட்டு வழக்கும் இல்லை. குமாஸ்தாவும் பியூனும் கொத்தனாரும் ரசீதுக்கு ரசீது கொடுத்த பணத்தில் எழுந்த கோபுரங்கள் இவை. அவற்றின் அர்ச்சகர் தேர்வில், மடைப்பள்ளியில், கமிட்டி உறுப்பினர் பட்டியலில் சாதி எங்கே நிற்கிறது என்று நம்மில் கமிட்டியில் இருப்பவர்கள் பார்க்க வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் மூன்று திருத்தங்களைக் கொண்டுவருவோம்: பயிற்சி பெற்ற யாரும் அர்ச்சகராக விண்ணப்பிக்கலாம், சந்தா கட்டுகிற எவரும் உறுப்பினராகலாம், ஆண்டுக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.

கோர்ட்டு ஊருக்குச் சொல்லும் தீர்ப்பு எப்போது வேண்டுமானாலும் வரட்டும். நம் வீட்டுத் தீர்ப்பை நாம் எழுதுவோம்.